எழுதின கை... தூக்கின கை!

இருபது வருஷம் நிருபராகக் குப்பை கொட்டியவன் நான். எங்கள் ஊர் பேரூராட்சிக் கூட்டம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஓசி டீயும் வடையும் முடித்துவிட்டு, 'கூச்சல், குழப்பம், வெளிநடப்பு' என்று நாலு வரி அனுப்பிவிடுவேன். கவுன்சிலர்களைக் கிண்டலடிப்பதில் அலாதி சந்தோஷம்!

டீக்கடை அண்ணாச்சிதான் ஒருநாள் மடக்கினார். ''ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் எழுதுறீங்களே தம்பி... ஒரு ஓட்டையையாவது அடைச்சிருக்கீங்களா?''

சுருக்கென்றது. 2022 பிப்ரவரி 19-ம் தேதி நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். ஜெயித்தும் தொலைத்தேன்!

''மாசச் சம்பளம் எவ்வளவு?'' என்றாள் மனைவி. அப்போது கவுன்சிலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. கூட்டத்துக்குப் போனால் ஒரு படி, அவ்வளவுதான். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

முதல் வேலையாக, வார்டில் ஒரு பாட்டி வீட்டு வாசலில் தேங்கும் சாக்கடைக்கு ஆறடியில் சிறுபாலம் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் மறுநாள் அச்சாகிவிடும் என்று பழகியவன் ஆயிற்றே! இங்கே மனு, எஸ்டிமேட், அஜெண்டா, தீர்மானம், டெண்டர் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். எல்லாம் தாண்டினாலும் கடைசியில் செயல் அலுவலர் கேட்பார்: ''சார், பணம்?''

ஏப்ரலில் வந்தது வினை... சொத்து வரி உயர்வு! 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வரியை உயர்த்தாவிட்டால் 15-வது நிதிக்குழு மானியம் கிடைக்காது. குடிநீருக்கும் குப்பைக்கும் அந்த மானியத்தைத்தான் நம்பியிருந்தோம்.

என் கை இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிடும். வெளிநடப்பு செய்தால் போட்டோ, நல்ல பெயர், கைதட்டல்! வரி உயர்வை எதிர்த்து நானே எத்தனை செய்தி எழுதியிருப்பேன்? ஆனால், பாலமும் வேண்டும், வரியும் வேண்டாம் என்றால் எப்படி? கையைத் தூக்கினேன். கனத்தது.

கடைசி வரிசையில் ஒரு இளம் நிருபர், வடையை வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே குறித்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணாச்சி கடையில் பேப்பரை உரக்கப் படித்தார்கள்: 'வரி உயர்வுக்கு சுயேச்சையும் ஆதரவு.' நாலே வரி. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால், காரணமும் இல்லை! நான் இருபது வருஷம் எழுதியதும் இப்படித்தானே என்று உறைத்தது.

வீடு வீடாகப் போய் விளக்கினேன். சிலர் கதவையே திறக்கவில்லை. பாட்டி மட்டும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். ''நீயுமாப்பா? சரி, கட்டிடறேன். ஆனா, வாசல்ல தண்ணி நிக்கப்படாது, ஆமா!''

பல மாதம் கழித்து பாலம் வந்தது. பாட்டி வாசலில் பெரிய கோலம்! எந்தப் பேப்பரிலும் செய்தி வரவில்லை.

கோபமில்லை. ஆறடிப் பாலத்துக்கெல்லாம் நானும் நாலு வரி எழுதியதில்லை!