பணம் கட்டும் முன் படி ஏறிப் பாருங்கள்!

சென்னை புரசைவாக்கத்தில் ஒரு வீடு. கணவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

போன ஆண்டு ஜனவரியில், தொந்தியைக் குறைக்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை வந்தது. தெரு முனையில் இருந்த "ஜிம்"மில் சேர்ந்தார். ஓர் ஆண்டுக்கு மொத்தமாக ரூ.12,000 கட்டினார். புது பனியன் வாங்கினார். புது ஷூ வாங்கினார்.

ஜனவரியில் 16 நாள் போனார். பிப்ரவரியில் 6 நாள். மார்ச்சில் 2 நாள். அதோடு சரி!

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தார். மொத்தம் 24 நாள். ஒரு நாளைக்கு ரூ.500!

"ஏங்க, அந்தப் பணத்தில் தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டி இருக்கலாமே!" என்றார்.

கணவர் வாய் திறக்கவில்லை.

இந்த ஆண்டு மனைவியின் முறை வந்தது. நாள் முழுவதும் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து உட்கார்ந்து, முதுகு வலி. டாக்டர் பரிசோதித்தார்.

"பயப்படும்படி ஒன்றும் இல்லை. முதுகுத் தசைகள் பலம் இழந்து இருக்கின்றன. மாத்திரை மட்டும் போதாது. உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றார்.

எங்கே செய்வது? பக்கத்துத் தெருக்களில் எங்கு திரும்பினாலும் ஜிம் பலகை. ஓர் இடத்தில் "பிலேட்டிஸ்" என்று புதுப் பெயர் வேறு!

இந்தத் தடவை மனைவி அவசரப்படவில்லை. பணப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டார். நான்கு நாள் மாலையில் நான்கு இடங்களுக்குப் போய்ப் பார்த்தார். அவர் பார்த்தவை, ஜிம்மில் சேர நினைக்கும் எல்லோரும் பார்க்க வேண்டியவை.

பாதிப் பேருக்கு உடல் உழைப்பு இல்லை

முதலில் ஒரு கேள்வி. உடற்பயிற்சி அவ்வளவு அவசியமா?

அவசியம்தான். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை என்று 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. அது 2022-ம் ஆண்டு நிலவரம். ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 100-க்கு 57 பேர்!

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கணக்குச் சொல்லி இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும். அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும்.

அந்த 150 நிமிடம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். கடைசியில் அது தேவைப்படும்!

போகும் நேரத்தில் போய்ப் பாருங்கள்

முதல் இடம், பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடம். குளிர்சாதன வசதி. பளபளக்கும் எந்திரங்கள். ஆனால் வீட்டில் இருந்து ஆட்டோவில்தான் போக வேண்டும்.

தூரமாக இருக்கும் ஜிம்முக்கு முதல் மாதம் போவோம். மழை பெய்தால் போக மாட்டோம். விருந்தாளி வந்தால் போக மாட்டோம். பிறகு பழக்கமே விட்டுப் போகும். ஆகவே நடந்து போகும் தூரத்தில் இருப்பதே நல்லது.

இரண்டாவது இடத்துக்குப் பகல் 12 மணிக்குப் போயிருந்தால், "ஆகா, எவ்வளவு விசாலம்!" என்று சொல்லத் தோன்றும். மனைவி போனது மாலை 7 மணிக்கு. அவர் தினமும் போகக்கூடிய நேரம் அதுதான். ஒரு டிரெட்மில்லுக்கு மூன்று பேர் காத்து நின்றார்கள்! டம்பெல்ஸ்கள் தரையில் உருண்டு கிடந்தன.

நீங்கள் எந்த நேரத்தில் போவீர்களோ, அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

இன்னும் சில விஷயங்களையும் கவனியுங்கள். காற்று வருகிறதா? தரை வழுக்குகிறதா? குடிதண்ணீர், கழிவறை சுத்தமா? தீப்பிடித்தால் வெளியே ஓட இரண்டாவது வழி உண்டா?

பெண்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா? சொல்லிக் கொடுக்கப் பெண் மாஸ்டர் இருக்கிறாரா? உடை மாற்றும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா? இரவு திரும்பி வரும் வழியில் தெரு விளக்கு எரிகிறதா?

இதையெல்லாம் கேட்க வெட்கப்படக் கூடாது. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறோமே!

மாஸ்டர் என்ன கேட்கிறார்?

எந்திரத்தைவிட முக்கியம், சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்.

இரண்டாவது ஜிம்மின் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், எத்தனை கிலோ குறைக்கணும்? ஒரே மாசத்துல 10 கிலோ குறைச்சுக் காட்டுறேன்!"

முதுகு வலி என்று மனைவி சொன்னார். அது அவர் காதில் விழவே இல்லை. அலமாரியில் இருந்த மாவு டப்பாவைக் காட்டி, "இதையும் சேர்த்துச் சாப்பிடுங்க" என்றார்.

இப்படிச் சொல்லும் இடத்தில் இருந்து படி இறங்கி விடுவது நல்லது. உடம்பைத் தேற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கூறியுள்ளது. நெடு நாள் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் எலும்பும் சிறுநீரகமும் கெடக்கூடும் என்றும் அது எச்சரிக்கிறது. பருப்பு, கடலை, முட்டை, பால் ஆகியவை நம் சமையல் அறையிலேயே இருக்கின்றன.

நல்ல மாஸ்டர் முதலில் உடம்பைப் பற்றிக் கேட்பார். ரத்தக் கொதிப்பு உண்டா? சர்க்கரை நோய் உண்டா? நெஞ்சு வலி வந்திருக்கிறதா? ஆபரேஷன் நடந்திருக்கிறதா? இவற்றைக் கேட்காமல் எடை தூக்கச் சொல்பவரிடம் உடம்பை ஒப்படைக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: முதுகு வலியோடு கால் மரத்துப் போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, ஜிம்முக்குப் போகக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பிலேட்டிஸ் என்றால் என்ன?

மூன்றாவது இடம், பிலேட்டிஸ் நிலையம். அமைதியான அறை. கட்டில் போன்ற கருவிகள். அவற்றில் சுருள் வில் பொருத்திய நகரும் பலகை. அதில் படுத்துக்கொண்டு, வில்லின் இழுப்புக்கு எதிராகக் கையையும் காலையும் நீட்டி மடக்க வேண்டும். வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளுக்கு இதில் நல்ல வேலை.

பிலேட்டிஸ் என்பது ஒரு மனிதரின் பெயர்! ஜோசப் பிலேட்டிஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் முகாமில் அடைத்து வைத்தார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் பயிற்சிக் கூடம் திறந்தார். நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1967-ல் அவர் காலமானார்.

அதன் பிறகு அந்தப் பெயருக்குச் சண்டை வந்தது. "பிலேட்டிஸ் என்ற பெயர் எங்களுக்கே சொந்தம்" என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. அது ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர், தனி ஒருவரின் சொத்து அல்ல என்று 2000-ம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? பலகையில் "பிலேட்டிஸ்" என்று எழுதி இருப்பதாலேயே, உள்ளே இருப்பவர் முறையாகப் படித்தவர் என்று ஆகிவிடாது. "எங்கே படித்தீர்கள்? எத்தனை மாதம்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும்.

முதுகு வலிக்கு இது நல்லதா? காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-ல் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிடப் பிலேட்டிஸ் பயன் தருவதாகத் தெரிந்தது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட அது உயர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அங்கே கட்டணம் அதிகம். வீட்டு வரவு செலவுக்குக் கட்டுப்படி ஆகாது. மனைவி வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கட்டுப்படி ஆகும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

"இன்று மட்டும்" என்றால் உஷார்!

கண்ணாடிக் கட்டடத்தில், "ஆண்டுக் கட்டணம் ரூ.15,000. இன்று மட்டும் ரூ.9,000!" என்றார்கள். "நாளைக்கு வருகிறேன்" என்றார் மனைவி. மறுநாள் அவர்களே போன் செய்தார்கள். அன்றும் அதே ரூ.9,000-தான்!

புதிதாகச் சேருகிறவர்கள் ஓர் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். முதலில் ஒரு நாள் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிறகு ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். ஆனால் ரூ.1,500 கட்டி 12 நாள் போனால், ஒரு நாளைக்கு ரூ.125. தள்ளுபடியில் ரூ.9,000 கட்டி 24 நாள் போனால், ஒரு நாளைக்கு ரூ.375. எது மலிவு?

நடுவில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் வராவிட்டால், அந்த மாதத்தைத் தள்ளிக் கொடுப்பார்களா? வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள். படிக்கச் சிரமம் என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஜிம் கட்டணத்துக்கு முன்பு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஜிம்மைப் பூட்டிவிட்டார்களா? சொன்னபடி நடக்கவில்லையா? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அதற்கும் ரசீது தேவை!

பணமே இல்லை என்றாலும் கவலை இல்லை. சென்னை மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். நடப்பதற்கோ காசே வேண்டாம்.

நான்காவது மாடிப்படி

நான்காவது இடம், மருந்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன ஜிம். வீட்டில் இருந்து 8 நிமிட நடை. குளிர்சாதனம் கிடையாது. மின்விசிறிதான். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல். மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். சொல்லிக் கொடுப்பவரும் ஒரு பெண்.

"முதுகு எப்பம்மா வலிக்கும்? உட்காரும்போதா, குனியும்போதா? டாக்டர் சீட்டு வெச்சிருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

மனைவி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். மறுநாள் ஒரு மாதக் கட்டணம் கட்டினார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. வாரத்துக்கு 3 நாள் தவறாமல் போகிறார். வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் ஜாக்கெட் ஒன்றை எழுந்திருக்காமல் தைத்து முடிக்க முடிகிறது.

கணவர்? அவர் ஜிம்மில் சேரவில்லை. மனைவிக்குத் துணையாக நடந்து போகிறார். கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்கிறார். மறுபடியும் போய் அழைத்து வருகிறார். நான்கு நடை, ஒரு நாளைக்கு 32 நிமிடம். வாரத்துக்கு 96 நிமிடம். ஒரு காசு செலவு இல்லை!

"ஏங்க, 150-க்கு இன்னும் 54 நிமிடம் பாக்கி இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க நடந்தே போயிட்டு வாங்க!" என்கிறார் மனைவி.

பழைய ரூ.12,000 கதையை அவர் இப்போது பேசுவது இல்லை.