கையெழுத்து வைக்க முதல்: மருத்துவ ஆய்வுகளும் எமது மக்களும்

கடந்த வருடம் அம்மாவைப் பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். இலக்கம் எடுத்து வாங்கில் இருந்தபோது, மருத்துவ மாணவி ஒருவர் கையில் படிவங்களுடன் வந்தார். குருதியமுக்கம் பற்றி ஓர் ஆய்வு செய்வதாகவும், விரும்பினால் அம்மாவும் பங்குபற்றலாம் என்றும் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

“எத்தினை பேருக்குப் பேர் விபரம் குடுத்தாச்சு பிள்ளை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை” என்றார்.

அம்மா சொன்னது எனக்கு விளங்கியது. 2009 இல் முகாமுக்குள் எத்தனை பதிவுகள். மீளக்குடியேறிய பின்னர், காணாமல் போன அண்ணாவைப் பற்றி ஒரே கதையை எத்தனை பேருக்கோ அவர் சொல்லிவிட்டார். ஒருமுறை கேள்விக்கொத்துடன் வந்த ஒரு குழு இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதிக்கொண்டு போனது. அன்றிரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை. அவர்கள் என்ன கண்டறிந்தார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் அந்தப் படிவத்தை நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வாசித்தேன். அதன்பின் தேடி அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எமக்குத் தரப்படும் மருந்து வேலை செய்யும் என்பது வைத்தியருக்கு எப்படித் தெரியும்? யாரோ முன்வந்து அதைப் பரீட்சித்துப் பார்க்க உடன்பட்டதனால்தான். வயலில் பாம்பு கடித்தால் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுப்பது எப்படி என்று இலங்கை வைத்தியசாலைகளில் 1007 நோயாளர்களிடம் நடந்த ஆய்வு 2011 இல் வெளியானது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால், கடுமையான ஒவ்வாமை முதல் 48 மணித்தியாலங்களில் 38 வீதம் குறைவதாக அது காட்டியது. இதே தேவைக்காகப் பரிசோதிக்கப்பட்ட வேறு இரண்டு மருந்துகளால் பயன் இல்லை என்பதும் அதில்தான் தெரியவந்தது.

குருதியமுக்கத்திற்கும் இப்படி ஒரு கதை உண்டு. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுத்தால் என்ன என்று இலங்கையில் 700 பேரிடம் பார்த்தார்கள். ஆறு மாதங்களில், அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோரும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமானோரும் இலக்கை அடைந்தனர். இது 2018 இல் வெளியானது.

மருந்து கொடுக்காத ஆய்வுகளும் உண்டு. 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ். மாவட்டத்தில் வீடுகளிலும் முகாம்களிலும் நடந்த மனநல ஆய்வில், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. எமது மக்களின் மனக்காயம் உலக மருத்துவ இதழில் எண்ணாகப் பதிவானது, சிலர் பேச உடன்பட்டதனால்தான்.

இவ்வளவும் நல்ல பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் கிடைத்த பின்னரும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தது அரசாங்கத்தின் சுகாதாரத் துறை. நாசி முகாம்களில் கைதிகள்மீது செய்யப்பட்ட கொடுமைகளின் பின்னர்தான், 1947 இல், சுயவிருப்பமான சம்மதம் இன்றி எந்த மனிதர்மீதும் பரிசோதனை செய்யக்கூடாது என்ற நியூரம்பேர்க் கோவை எழுந்தது. ஆகவே அம்மாவின் பயம் அறியாமை அல்ல. அந்தப் பயத்திலிருந்துதான் இன்றைய விதிகள் பிறந்தன.

அந்த விதிகளை நாம் கேள்விகளாக மாற்றிக் கேட்கலாம்.

முதலாவது, இந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒன்று அனுமதி வழங்கியிருக்கிறதா? யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் இத்தகைய குழு இருக்கிறது. மருந்துப் பரீட்சார்த்தமாயின், இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்திவரும் பதிவேட்டில் அது பதியப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, எனக்குப் பயன் கிடைக்குமா? பெரும்பாலும் இதற்கு உறுதியான பதில் கிடையாது. ஆய்வு என்பது சிகிச்சை அல்ல. யாருக்கு எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்குவதைப் போலத்தான் முடிவாகும். மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையும் உங்களுக்கு வரலாம். பக்கவிளைவு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பது படிவத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எனது பெயரை யார் பார்ப்பார்கள்? பெயருக்குப் பதிலாக இலக்கம் இடப்படுகிறதா, தகவல் எங்கே வைக்கப்படும், வேறு யாருக்கும் கொடுக்கப்படுமா என்பதை எமது மக்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

நான்காவது, இடையில் விலகலாமா? எப்போதும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினாலும் மறுத்தாலும் உங்கள் வழமையான சிகிச்சை குறையக் கூடாது. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமலும் விடலாம். பழைய இழப்புகளைக் கேட்கும் ஆய்வாயின், பேசியபின் மனம் குழம்பினால் யாரிடம் போவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எம்மில் பலரது உடம்பில் இன்னும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் ஆய்வாயின் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைத்துக் காயப்படுத்தக் கூடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போக முதல் அம்மாவுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். அதே மாணவி வந்தபோது அம்மாவே கேட்டார்: “வீட்டுக் கதை கேக்கிற பக்கத்தை விட்டிட்டு மிச்சத்துக்கு நிக்கலாமோ பிள்ளை? முடிவு வந்தால் எங்களுக்கும் சொல்லுவியளோ?” மேற்பார்வை செய்யும் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் ஓம் என்றார் அந்தப் பிள்ளை. அம்மா கையெழுத்து வைத்தார். பக்கத்தில் இருந்த மாமி தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அன்று இருவரையும் ஒரே வைத்தியர்தான் பார்த்தார், ஒரே மாதிரித்தான் பார்த்தார்.

படிவத்தின் பிரதி வீட்டில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.