எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர்



கல்லறைத் திருநாள் நெருங்கும்போது பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துகள் எழுதுவது வழக்கம். ஓர் ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் அருகேயுள்ள கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இறந்த உறவினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, "பட்டாளத்துத் தாத்தான்னு ஒண்ணு எழுதிக்கோங்க சாமி" என்றார். "பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். "பேரு தெரியாது சாமி. எங்க தாத்தாவோட தம்பி. பர்மா சண்டைக்குப் போனவரு, திரும்பி வரல" என்றார்.

அந்த மனிதர் திருமணம் ஆகாதவர். அவர் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை. கல்லறையும் இல்லை. அண்ணன் குடும்பத்தார் மறந்தால், உலகமே மறந்ததாகிவிடும்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் கடல் கடந்து சென்றார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தபோது இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். முதல் போருக்குப் பின் நம் நாட்டின் பல ஊர்களில் அரசு கல்வெட்டுகள் பதித்தது. அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் எத்தனை பேர், உயிர் விட்டவர் எத்தனை பேர் என்று அவற்றில் இருக்கும், பெயர்கள் இருக்காது. இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையை மட்டும் எழுதினார்கள்.

பஸ்ரா போன்ற நினைவுச் சின்னங்களைப் பராமரிப்பது 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். இறந்தோர் அனைவரும் சமமாக நினைக்கப்பட வேண்டும் என்பதே அதன் கொள்கை. ஆனால் 2021-இல் வெளியான அதன் சொந்த அறிக்கை, முதல் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

அப்படியானால் நம் குடும்பத்துப் படைவீரரை எப்படித் தேடுவது?

முதலில் வீட்டில் தேடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் பதக்கம், பணி விடுப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், போர்முனையிலிருந்து வந்த கடிதம் ஏதாவது இருக்கலாம். பதக்கத்தின் விளிம்பையும் பின்புறத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு போர்களிலும் இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கங்கள் பலவற்றில் படை எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் படை எண் மிக முக்கியம். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் நம்மவரைப் பிரித்தறிய எண் உதவும்.

அடுத்து ஆலயப் பதிவேடு. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, படையில் பதிந்த பெயர் வேறொன்றாக இருக்கும். திருமுழுக்குப் பதிவேட்டில் முழுப் பெயரும் பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் கிடைக்கும். இன்று தனிப் பங்காக உள்ள பல ஊர்கள் அன்று வேறொரு பங்கின் கிளைகள். எனவே தாய்ப் பங்கிலும் கேளுங்கள். பழைய ஏடுகளில் லத்தீன் மொழியில் எழுதியவையும் உண்டு. பங்குத்தந்தையின் உதவியை நாடுங்கள்.

போரில் இறந்தவர் என்றால், மேற்சொன்ன ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். அங்கே ஏறத்தாழ 17 லட்சம் பேரின் விவரங்கள் உள்ளன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1910 முதல் 1985 வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டம். ஆகவே 'விருதுநகர்' என்று தேடினால் கிடைக்காது. 'ராம்நாட்' என்று தேட வேண்டும். ஆரோக்கியசாமி, சவரிமுத்து போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பாருங்கள்.

உயிரோடு திரும்பியவர் என்றால், அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரு. விருதுநகரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியப் படை அதிகாரிகளின் பணிக் குறிப்புகள் உண்டு. சிப்பாயின் கோப்பை அங்கே தேடிப் பயனில்லை. ஓய்வூதியம் பெறாதவர்களின் கோப்புகள் காலவரம்பு முடிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். மனம் தளர வேண்டாம். படைப்பிரிவின் பெயர் தெரிந்தால், அந்தப் பிரிவு எப்போது எங்கே இருந்தது என்பதைப் போர் நாட்குறிப்புகளில் காணலாம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால், புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். கோப்பு அலுவலகத்தில் காத்திருக்கும். எண்பது வயது நினைவு காத்திருக்காது.

அந்த அம்மா என்ன ஆனார்? இரண்டு மாதம் கழித்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு நட்சத்திரப் பதக்கத்தோடு வந்தார். பின்புறத்தில் ஓர் எண்ணும், தேய்ந்த ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் இருந்தன. பதிவேட்டைப் புரட்டினோம். அதே பெயர், தந்தை பெயரோடு இருந்தது. இணையத்தில் தேடியபோது, அவர் இறந்த நாளும், மியான்மரில் தௌக்யான் என்னுமிடத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தது. கல்லறை கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. சாலை போட்ட பயனியர். பெயரை மறைத்த அந்த எண்ணே, பெயரைத் திருப்பித் தந்தது!

போரில் மடிந்த தம் வீரர்களுக்காகக் காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார் யூதா மக்கபே. நம் ஆயனோ தம் ஆடுகளை எண்ணிக்கையால் அல்ல, பெயரால் அழைப்பவர். அடுத்த கல்லறைத் திருநாளில் 'பட்டாளத்துத் தாத்தா' என்று நான் வாசிக்கவில்லை. அவருடைய திருமுழுக்குப் பெயரை வாசித்தேன். முன்வரிசையில் அந்த அம்மா தம் பேரனிடம் குனிந்து, அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை சொல்லிக்கொடுத்தார்.