இரவில் காணாமல் போகும் இசட் டிரைவ்

மாலை ஆறு மணிக்குப் பேட்ச் ஃபைலை இரண்டு முறை சொடுக்கினால் கணக்குக் கோப்புகள் எல்லாம் இசட் டிரைவுக்குப் போய்ச் சேர்கின்றன. அதே ஃபைலை இரவு இரண்டு மணிக்கு ஓட்டும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், காலையில் பேக்கப் இல்லை. கணினி நிற்கவில்லை, கேபிள் கழலவில்லை. ஆனால் இசட் என்று ஒரு டிரைவே கிடையாது என்கிறது பிழைச்செய்தி. சிறு அலுவலகங்களில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர்கள் பலரைச் சுற்றவிடும் புதிர் இது.

டிரைவ் எழுத்துகள் 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளம் வழியாக, விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கு வந்தவை. அன்று ஏ, பி என்றால் மேசைமேல் இருக்கும் ஃபிளாப்பி டிரைவ்கள். கையால் தொட்டுக் காட்டலாம். இன்றைய இசட், வேறொரு கணினியில் இருக்கும் ஃபோல்டருக்கு நாம் வைத்த செல்லப்பெயர். வீட்டுக்குள் அது செல்லும். தபால் உறையில் அதை எழுதினால் கடிதம் போய்ச் சேராது.

அந்த 'வீடு' எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தனியாக ஓர் அமர்வைத் திறக்கிறது. விண்டோஸ் 2000 வரை இந்த எழுத்துகள் கணினி முழுமைக்கும் பொதுவாக இருந்தன. 2001இல் வந்த எக்ஸ்பி முதல் அவை அந்தந்த அமர்வுக்கே சொந்தம். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒருவருடைய இசட் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது அல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்று ஒருவர் அமைத்த டாஸ்க், அவருடைய பெயரில் அவருடைய பாஸ்வேர்டுடன் புதிதாக ஓர் அமர்வைத் திறக்கிறது. அங்கே இசட் என்ற பெயரை யாரும் சூட்டவில்லை. அந்த நேரத்தில் அவரே கணினிமுன் உட்கார்ந்திருந்தாலும் நிலைமை இதுதான்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா இன்னொரு முடிச்சைப் போட்டது. அதிலிருந்து, நிர்வாகி உரிமை உள்ளவருக்கு ஒரே லாகினில் இரண்டு அமர்வுகள்: ஒன்று சாதாரணம், ஒன்று முழு உரிமை. முதலாவதில் இணைத்த டிரைவ் இரண்டாவதற்குத் தெரியாது.

தீர்வு, செல்லப்பெயரை விட்டு முழு முகவரியை எழுதுவது: இரண்டு பின்சாய்கோடு, சர்வரின் பெயர், இன்னொரு பின்சாய்கோடு, ஃபோல்டரின் பெயர்.

முகவரி சரியாக இருந்தும் கதவு திறக்காமல் போகலாம். வந்து தட்டுவது யார் என்று சர்வர் கேட்கும். டாஸ்க்கின் அமைப்பில் 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்ற பெட்டியில் டிக் செய்திருந்தால், டாஸ்க்குக்கு அந்தக் கணினிக்குள் இருப்பவை மட்டுமே எட்டும். டாஸ்க் விண்டோஸின் சிஸ்டம் கணக்கில் ஓடினால், டொமைன் உள்ள அலுவலகத்தில் அது கணினியின் பெயரில் போய் நிற்கும். டொமைன் இல்லாத இடத்தில் பெயரற்ற ஆளாக நிற்கும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து அந்த ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். செய்யவே கூடாது. ரான்சம்வேர் ஒரு கணினியில் நுழைந்தால், தான் எழுத முடிகிற பகிர்வுகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப்பும் அதோடு போகும். அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமையுடன், டாஸ்க்குக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதே பாதுகாப்பு.

மறுநாள் காலை டாஸ்க் ஷெட்யூலரில் 'கடைசி முடிவு' 1 என்று இருந்தால் பதறுபவர்கள் உண்டு. நகலெடுத்தது விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை என்றால், 1 என்பது கோப்புகள் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம். 8 முதல் மேலே உள்ள எண்களே தோல்வி.