வராத மாணவனைத் தேடிய ஆசிரியர்

நேற்றுவரை வகுப்புக்கு வந்த மாணவன் இன்று வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழுகிறது. மறுநாளும் ஒரு குறி. சில வாரங்களில் அவன் பெயரே அடிக்கப்பட்டுவிடுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்டவர் யார்?

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் அப்படிக் கேட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர்தாம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவரிடம் பாடம் கேட்டு வந்த யஃகூப் என்ற இளைஞர் வறிய குடும்பத்துப் பிள்ளை. பிழைப்புக்கு வழி பார்க்குமாறு தந்தை சொல்ல, வகுப்புக்கு வருவதை அவர் குறைத்துக்கொண்டார். தடுத்தவர் தாயார் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. இமாமவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் மீண்டும் வந்த நாளில், மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை அவரை அமர்த்தி வைத்து, நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்தார்கள். பாடத்தை விடக் கூடாது, பணம் தீர்ந்ததும் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். ஆனால், அவர் வாய் திறந்து கேட்கும் முன்பே அடுத்த பையும் வந்துவிடும் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

அந்த இளைஞரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக விளங்கி, 'கிதாபுல் கராஜ்' நூலை எழுதிய இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). ஹிஜ்ரி 182-இல் அவர்கள் மறைந்தார்கள்.

இங்கே பணத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள். ஆசிரியர் மாணவர் வராததைக் கவனித்தார், காரணம் கேட்டார், பிறர் அறியாமல் உதவி, அவரது மானத்தைக் காத்தார், ஒருமுறையோடு நிறுத்திவிடவுமில்லை.

இன்றைய கல்வியாளர்கள் சொல்வதும் இதுவே. அமெரிக்காவில் சிக்கரிங், கேம்சன் என்னும் இருவர் 1987-இல் நல்ல கல்லூரிக் கல்விக்கு ஏழு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் முதலாவது, ஆசிரியர் மாணவர் தொடர்பு. கல்லூரியை விட்டு விலகுவோரைப் பற்றி வின்சென்ட் டின்டோ எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. படிப்பு வராததால் மட்டும் மாணவர் விலகுவதில்லை. அங்கே தமக்கு ஒட்டுறவு இல்லை என்ற உணர்வும் அவர்களை வெளியேற்றுகிறது என அவர் விளக்கினார்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பு மாணவன் ஒருவன் வராமல் நின்றான். நானும் குறியிட்டதோடு இருந்துவிட்டேன். மாதங்கள் கழித்துக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து வந்தவனிடம் காரணம் கேட்டேன். கிதாபு வாங்கப் பணமில்லை, கேட்க வெட்கமாக இருந்தது என்றான். அதே கிதாபின் இரு பிரதிகள் எங்கள் மத்ரஸா அலமாரியில் தூசி படிந்து கிடந்தன!

பெற்றோர்களே! வீட்டின் நெருக்கடியை ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். ஆசிரியப் பெருமக்களே! நாளை உங்கள் வகுப்பில் ஓரிடம் காலியாக இருந்தால், குறியிடுவதோடு நில்லாமல் அன்று மாலையே அந்த வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள்.