காவிரியை அளப்பது எப்படி?



சர்வே என்றதும் செயின், ரேஞ்சிங் ராடு, டம்பி லெவல்தான் நம் நினைவுக்கு வரும். வயலை அளக்க அது போதும். ஆற்றை அளப்பது வேறு சங்கதி. ஒவ்வொரு வெள்ளத்திலும் அதன் படுகை மாறும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்று டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ். இரண்டையும் ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். ஏன் இரண்டும் வேண்டும்? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம தஞ்சாவூருக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 1802-இல் சென்னையில் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808-இல் இங்கே வந்தார். டெல்டாவில் மலை ஏது? தென்னையும் மூங்கிலும் பார்வையை மறைக்கும். ஆகவே அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டனே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளி தெரிய வேண்டும் என்பதற்காக அத்தனை பாடு!

அந்தத் தியோடலைட்டின் வாரிசுதான் டோட்டல் ஸ்டேஷன். கோணத்தையும் தூரத்தையும் ஒருசேர அளக்கும். அது அனுப்பும் ஒளிக்கதிர், ஆற்றுக்குள் ஒருவர் பிடித்திருக்கும் பிரிசத்தில் பட்டுத் திரும்பும். பிரிசம் பிடிப்பவர் இக்கரையிலிருந்து அக்கரை வரை நின்று நின்று நடந்தால், படுகையின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். மேட்டூர் அணை மூடியிருக்கும் மாதங்களே (வழக்கப்படி ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை) இதற்குத் தோது. தண்ணீர் நிற்கும் மடுவில் படகும் எக்கோ சவுண்டரும் வேண்டும். ஆனால் வளைவுக்கு வளைவு கருவியை மாற்றி வைக்கும்போது பிழையும் கூடிக்கொண்டே போகும்.

அங்கேதான் ஜி.பி.எஸ். கைகொடுக்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். நம் செல்போன் சில மீட்டர் தவறும். சர்வேயில் தெரிந்த புள்ளியில் ஒரு ரிசீவர், கையில் இன்னொன்று என வைத்து, பிழையைச் சில சென்டிமீட்டராகக் குறைக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தெரிய வேண்டியதே இல்லை. ஆனால் மூங்கில் குத்துக்கு அடியிலும் பாலத்துக்குக் கீழேயும் சிக்னல் வராது. அங்கே மறுபடியும் டோட்டல் ஸ்டேஷன்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜி.பி.எஸ். தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து. தென்னிந்தியாவில் கடல்மட்டம் அதைவிடச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. எனவே திருத்தாமல் பார்த்தால் தஞ்சைத் தரையே மைனஸில் வரும்! தண்ணீரோ கடல்மட்டக் கணக்கில்தான் ஓடும். ஆகையால் பெஞ்ச் மார்க்கோடு லெவலிங் செய்து இணைத்தே தீரவேண்டும். நம்ம பழைய லெவல் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இத்தனையும் எதற்கு? 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில், 2018 ஆகஸ்ட் 22-இல் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. மணல் அள்ளியதால் படுகை இறங்கியதா என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் எழுந்தது. பேச்சால் இதைத் தீர்க்க முடியாது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுத்த குறுக்குவெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

"ஆறு இறங்கிடுச்சு, வாய்க்கா ஏறிடுச்சு, தண்ணி எப்படிடா வரும்?" என்பார் எங்க அப்பா. படுகை தாழ்ந்தால் தலைப்பு மதகின் வாசலுக்குத் தண்ணீர் எட்டாது, கடைமடை காயும். அவர் கண்ணால் கண்டது சரிதான். ஆனால் எத்தனை அடி என்று ஆபீசில் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அந்த எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் சிவில் படிக்கும் நாம்தான். சர்வே பிராக்டிகலை மார்க்குக்காக மட்டும் செய்யாமல் இருப்போம், நண்பர்களே!