கணக்கு வெளியே வருமா?

ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவைத் தாண்டிச் சுருட்டப்பள்ளி சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ஆந்திரம் வந்துவிடும். தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்கும் இந்த ஊரில், ஒரு ஹார்டுவேர் கடை ஒரே நாளில் போடும் பில்களில் சில பெரியபாளையத்துக்கும் சில சத்தியவேட்டுக்கும் போகக்கூடும். முதல் வகையில் வரி மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என இரண்டாகப் பிரியும். எல்லை தாண்டி அனுப்பும் சரக்குக்கு அதே தொகை ஐ.ஜி.எஸ்.டி. என ஒன்றாக விழும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் சரக்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை என்ற சலுகை, வேறு மாநிலத்துக்கு அனுப்புபவருக்குப் பொதுவாகக் கிடையாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் எல்லைக்கு அப்பால் சரக்கு விற்கவே கூடாது. 2023 அக்டோபரில் இருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளரின் பில்லில் அவருடைய மாநிலத்தின் பெயரை எழுதினால், விற்பனை அந்த மாநிலத்தில் நடந்ததாகக் கொள்ளப்படும். எதுவும் எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலத்தில் நடந்ததாகக் கொள்ளப்படும். பில்லில் ஒரு கட்டத்தை நிரப்புவதா விடுவதா என்பதில் வரியின் வகையே மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் பில் போட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால், பதிலாக ஒரு பெயர்தான் கிடைக்கும். பக்கத்துக் கடையில் இருப்பது, ஆடிட்டர் சொன்னது, யூடியூபில் யாரோ புகழ்ந்தது என்று அந்தப் பெயர் எங்கிருந்தாவது வரும். பிறகு விலையை ஒப்பிடுவார்கள், வசதிகளை எண்ணுவார்கள். இவையெல்லாம் தேவையான கேள்விகள்தான், ஆனால் முதல் கேள்வி வேறு. இதில் போட்ட கணக்கை, இன்னொரு மென்பொருள் படிக்கும் வடிவில், முழுதாக வெளியே எடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத எதையும், இலவசமாகவே கிடைத்தாலும், சிறு தொழில் செய்பவர் தொடக்கூடாது என்பது என் முடிவு.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் போட்ட பில்லுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 2031 டிசம்பர் வரை போகிறது. ஏழரை ஆண்டுக்கும் மேல். கைபேசிச் செயலிகளில் எத்தனை அவ்வளவு காலம் நிலைத்திருக்கின்றன? 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு ஒரே அறிவிப்பில் 59 செயலிகளைத் தடை செய்தது. எல்லோருக்கும் டிக்டாக் நினைவிருக்கிறது. அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. பில், பத்திரம், ஆதார் நகல் என்று பல கடைக்காரர்களின் அலமாரியாகவே இருந்த செயலி அது. எடுத்த நகலை அவ்வப்போது பி.டி.எஃப். ஆகத் தனியே சேமித்தவர்களுக்குப் பாதிப்பில்லை, செயலிக்குள்ளேயே விட்டு வைத்தவர்கள்தான் தடுமாறினார்கள். கூகுள் தன் வணிகப் பக்கத்தின் வழியாக இலவச இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதியைச் சிறு கடைகளுக்குத் தந்திருந்தது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அணைக்கப்பட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசப் பல குடும்பங்கள் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. இவற்றை நடத்தியவை நொடித்துப்போன நிறுவனங்கள் அல்ல. அதனால் பெரிய நிறுவனத்தின் கருவி என்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

இதற்கெல்லாம் பெரிய சான்று தமிழ் அச்சுத் தொழிலில் கிடக்கிறது. தமிழகத்தின் டி.டி.பி. கடைகள் பல ஆண்டுகள் அடோபி பேஜ்மேக்கரில் வேலை செய்தன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அதன் பிறகு புதிய பதிப்பே இல்லை. அதற்குள் அடித்த எழுத்துகளோ பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு குறியேற்றம். குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. ஆனாலும் பழைய பழக்கம் இன்றும் பல கடைகளில் விடவில்லை. இதன் விலையை எல்லை ஊர் அச்சகம் இரட்டிப்பாகக் கொடுக்கிறது. ஒரே திருமணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழும் பெண் வீட்டுக்குத் தெலுங்கும் வேண்டுமானால், பழைய முறையில் இரண்டும் இரண்டு எழுத்துரு, இரண்டு விசைப்பலகை. அடித்ததைத் தேட முடியாது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்ப முடியாது. யூனிகோடில் இரண்டு மொழியும் ஒரே கோப்பில் அமர்கின்றன, எந்தக் கைபேசியிலும் தெரிகின்றன. பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருப்பது பெரிய ஆறுதல். இருந்தாலும் இருபது ஆண்டு வேலையை மாற்றிச் சரிபார்க்கும் உழைப்பை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அன்று கருவியைத் தேர்ந்தெடுத்தபோது "நாளை இதை விட்டு எப்படி வெளியே வருவோம்" என்று கேட்காததன் விலை அது.

வெளியே எடுப்பது என்றால் என்ன என்பதில் ஏமாறக்கூடாது. பில்லை பி.டி.எஃப். ஆகத் தரும் வசதி எல்லாச் செயலியிலும் உண்டு. அது அச்சடித்த தாளுக்குச் சமம். கண்ணால் படிக்கலாம், இன்னொரு மென்பொருளுக்குள் ஏற்ற முடியாது. நமக்கு வேண்டியது எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பு. அதிலும் மொத்தத் தொகை மட்டும் வந்தால் போதாது. வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண், மாநிலக் குறியீடு, எச்.எஸ்.என். எண், வரி விகிதம், வரவேண்டிய பாக்கி எல்லாம் தனித்தனிப் பத்தியாக வர வேண்டும். தமிழ்நாட்டின் குறியீடு 33, ஆந்திரத்தின் குறியீடு 37. இந்தப் பத்தி விடுபட்டுப்போனால் ஊத்துக்கோட்டைக் கடையின் கணக்கு பாதி ஊமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி ஜாப் வொர்க் செய்யும் லேத் பட்டறைக்கு நிலைமை இன்னும் கடினம். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் கருதும். எந்த டெலிவரி சலானில் எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு கழிவு என்ற வரலாறு வெளியே வராத மென்பொருள், மளிகைக் கடைக்கு எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் பட்டறைக்கு உதவாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தமிழகத்தில் அதிகம் புழங்கும் கருவிகளில் சில தேறுகின்றன. டேலியில் கணக்கு நம் கணினியிலேயே இருக்கிறது, எக்செல்லாகவும் எக்ஸ்.எம்.எல். ஆகவும் எடுக்கலாம், இணையம் இல்லாமலும் பில் போடலாம். ஜோஹோ புக்ஸ் இணையத்தில் இயங்குவது. அதிலும் கணக்கைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. எது மேல் என்பது கடையைப் பொறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. இணையத்தை மட்டும் நம்பியவருக்கு அன்று பில் இல்லை. கடைக் கணினியை மட்டும் நம்பியவருக்கு, தண்ணீர் உள்ளே வந்திருந்தால் கணக்கே இல்லை. பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றில் வெள்ளம் பார்க்கும் ஊரில் இரண்டும் வேண்டும். கணினியில் ஒரு பிரதி, வீட்டில் பென் டிரைவில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி. வெளியே எடுக்க முடியாத கணக்குக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

நோட்டுப் புத்தகமே போதுமே, எதற்கு இத்தனை தொல்லை என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. பதிவு தேவைப்படாத சிறு கடைக்கு, கடன் நோட்டும் மாதக் கடைசியில் லிப்ரே ஆபீஸில் ஒரு கணக்குத் தாளும் உண்மையிலேயே போதும். லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழ் இடைமுகம் உண்டு. மென்பொருள் விற்பவரின் பேச்சைக் கேட்டு ஆண்டுச் சந்தாவில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். அடுத்து, "ஆடிட்டர் சொன்னதைத்தான் வாங்க முடியும்" என்பார்கள். ஆடிட்டர் படிக்கும் வடிவில் கணக்கு இருப்பது நல்லதுதான். ஆனால் ஆடிட்டர் மாறலாம், ஓய்வு பெறலாம். அசல் கோப்பு அவர் கணினியில் மட்டும் இருந்தால் கடையின் ஏழாண்டு வரலாறும் அவரோடு போய்விடும். மாதம் ஒரு முறை பேக்கப் கேட்டு வாங்குவது அவரைச் சந்தேகிப்பது ஆகாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறு கடைக்காரர் கேட்டால் பெரிய நிறுவனம் கதவைத் திறந்து வைக்குமா, இது நடக்கிற கதையா என்பது அது. யு.பி.ஐ. இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2016இல் தொடங்கிய அந்த முறையில், கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த செயலியால் பணம் அனுப்பலாம். கடைக்காரர் இன்று ஒரு நிறுவனத்தின் ஸ்டிக்கரைக் கிழித்து வேறொன்றை ஒட்டினாலும் ஒரு வாடிக்கையாளரும் குறையமாட்டார். பொதுவான விதியை முதலிலேயே வகுத்ததால் வந்த சுதந்திரம் அது. பணத்தில் நடைமுறையாகிவிட்டதைக் கணக்கிலும் கேட்பது பேராசை அல்ல. கொடுக்காதவரிடம் வாங்காமல் இருப்பதுதான் சிறு தொழில்காரர் கையில் இருக்கும் பலம்.

வீட்டு உபயோகத்துக்கும் இதே விதிதான். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் தேதியோடு வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தியபோது, படங்களை வன்தட்டிலும் வைத்திருந்தவர்கள் கவலைப்படவில்லை. இங்கே கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் தேவை. ஆர்டர் வாங்கும் வாட்ஸ்அப் எண் வேலையாளின் பெயரில் எடுத்த சிம்மில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளர் பட்டியலும் போய்விடும். எண் கடை முதலாளியின் பெயரில் இருக்கட்டும்; வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் வாட்ஸ்அப்புக்கு வெளியேயும் ஓரிடத்தில் இருக்கட்டும்.

புதிய மென்பொருளுக்கு மாற ஏப்ரல் 1 வசதியான நாள்; நிதியாண்டு அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன் மார்ச் மாதத்தில், வாங்க நினைக்கும் மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஒரு வாரத்து உண்மையான பில்களைப் போடுங்கள். சத்தியவேட்டுக்கு அனுப்பியது ஒன்று, முகவரி இல்லாத ரொக்க விற்பனை ஒன்று, திரும்பி வந்த சரக்கு ஒன்று கட்டாயம் அதில் இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் எக்செல்லாக வெளியே எடுத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள். அவரால் அதைப் படிக்க முடிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.